அண்ணனுக்கு மனச்சிதைவு என்றால் தங்கைக்கு மூளை ஸ்கேன் எதற்கு?

கேள்வி: எனக்கு வயது 25. ஊர் பாலக்கோடு பக்கம். அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா), மாத்திரை சாப்பிடுகிறார். எனக்கு வரன் பார்க்கிறார்கள். "மூளை எம்.ஆர்.ஐ.யும் ஜீன் டெஸ்ட்டும் எடுத்து 'நார்மல்' ரிப்போர்ட் காட்டினால் மாப்பிள்ளை வீட்டார் ஒத்துக்கொள்வார்கள், லேப் நானே காட்டுகிறேன்" என்கிறார் தரகர். இல்லாவிட்டால் தாய்மாமன் மகனுக்கே கொடுத்துவிடலாம் என்கிறார் அம்மா. டெஸ்ட் எடுக்கலாமா? எனக்கும் என் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருமா?

பதில்: இரண்டு டெஸ்ட்டும் வேண்டாம். அந்தப் பணத்தைக் கல்யாணச் செலவுக்கு வையுங்கள்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். பொதுவாக நூறு பேரில் சுமார் ஒருவருக்கு இந்த நோய் வருகிறது. கூடப் பிறந்தவருக்கு இருந்தால் நூறில் சுமார் 9 பேருக்கு. அதாவது 91 பேருக்கு வருவதில்லை. அண்ணன் உங்கள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன் முறை. அவர்களுக்கு நூறில் 3, 4 என்ற அளவுதான். பெண்களுக்கு இது இருபதுகளின் நடுவில் தொடங்கி முப்பதுகள் வரை தலைகாட்டலாம். அதனால் "உனக்கு வயது தாண்டிவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஆனால் அதை நினைத்து ஒடுங்கிப்போகவும் வேண்டாம்.

இனி ஸ்கேன். இந்த நோயாளிகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து அளந்து பார்த்தால், மூளைக்குள் நீர் தேங்கும் அறைகள் சராசரியாகச் சற்றுப் பெரிதாகவும், நினைவுக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி சற்றுச் சிறிதாகவும், மூளையின் மேலடுக்கு மெலிந்தும் இருக்கும். 1976-லேயே சி.டி. ஸ்கேனில் அந்த அறைகள் பெரிதாக இருப்பதைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் அது கூட்டத்தின் சராசரி. சராசரியில் ஆண்கள் உயரம் என்பதற்காக, ஒருவரின் உயரத்தை மட்டும் வைத்து அவர் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியுமா? அதே கதைதான். நோய் வந்தவரின் ஸ்கேனும் நார்மலாக இருக்கலாம். நல்ல ஆரோக்கியமானவரின் ஸ்கேனில் "லேசான சுருக்கம்" என்று ஒரு வரி வந்துவிடலாம். அந்த ஒரு வரி போதும், தரகர் வாயில் சம்பந்தம் முறிந்துவிடும். நோயைக் கண்டறியும்போது ஸ்கேன் எடுப்பது கட்டி, வலிப்பு, மூளைக்காய்ச்சல் போன்ற வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஜீன் டெஸ்ட்டும் அப்படியே. 2022-ல் வந்த பெரிய ஆய்வு, மரபணுத் தொகுப்பில் 287 இடங்களை இந்த நோயோடு இணைத்தது. ஒவ்வொன்றும் கூட்டுவது துளியளவு. அந்த ஆய்வில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். நம்மவர்களுக்கு அந்தக் கணக்கு சரியாகப் பொருந்தாது. "மனநோய் வராது" என்று சான்றிதழ் தரும் லேப் இந்த உலகத்தில் கிடையாது. தரும் லேப் இருந்தால் அது பொய் சொல்கிறது. அந்த லேபுக்கு அழைத்துப்போகும் தரகருக்குக் கமிஷன் போகலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் கவனமாகப் படியுங்கள். உங்கள் அண்ணனுக்குப் பிறவியிலேயே அண்ணப் பிளவு (மேல்வாயில் பிளவு), மூக்கால் பேசுவது, சிறுவயதில் இதய ஆபரேஷன், கால்சியம் குறைந்து வலிப்பு, படிப்பில் மந்தம், இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து இருந்ததா? இருந்தால் மரபணுக்களைச் சுமக்கும் 22-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு விடுபட்டிருக்கலாம். அப்படி விடுபட்டவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இந்த வகை நோய் வருகிறது. அப்போதும் டெஸ்ட் முதலில் அண்ணனுக்குத்தான். பத்தில் ஒன்பது பேருக்கு இது பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாக ஏற்பட்டது. அவருக்கு இருப்பது உறுதியான பிறகுதான் உங்களுக்குப் பார்க்க வேண்டும். உங்களுக்கு இல்லையென்றால் உங்கள் பிள்ளைகளுக்கு உங்கள் வழியில் போகாது; இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் குரோமோசோம் குறை போக பாதிக்குப் பாதி வாய்ப்பு.

தாய்மாமன் மகன் விஷயத்தில் அம்மாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். வெளியில் சொல்ல வேண்டாம் என்று உறவுக்குள் முடிப்பது நம் பக்கத்தில் சகஜம். ஆனால் அத்தை, மாமன் பிள்ளைகள் மணந்தால் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு, மற்றவர்களுக்கு இருக்கும் 2 முதல் 3 சதவீதத்திலிருந்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அம்மா வழியில் இன்னொருவருக்கும் மனநோய் இருந்தால் இரண்டு பக்கமும் ஒரே வேர் சேர்கிறது. நோய்க்குப் பயந்து எடுக்கும் முடிவு நோயின் பக்கமே கொண்டுபோய் விடக்கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். மூன்று தலைமுறையை ஒரு தாளில் எழுதுங்கள்: யாருக்கு என்ன நோய், எந்த வயதில், தற்கொலை உண்டா, கஞ்சா பழக்கம் உண்டா. தாத்தா பாட்டியை விடாதீர்கள், "பேய் பிடித்தது" என்று சொன்னவர்களையும் சேருங்கள். அதோடு அண்ணனின் பழைய சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். நோயின் பெயரே சரிதானா என்று முதலில் கேளுங்கள். கஞ்சாவால் வந்த மனக்குழப்பத்துக்கும் பலரிடம் இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. வரிசையில் அரை நாள் நின்று ஐந்து நிமிடம் பேசும் நிலைமைதான், அதை நானும் வெறுக்கிறேன். ஒரு குடும்பத்தின் வாழ்க்கையை ஐந்து நிமிடத்தில் யார் விளக்க முடியும்? மனநல ஆலோசனைக்குப் போதிய ஆளைப் போடாமல் விட்டதால்தான் தரகர்கள் மருத்துவர் வேலை பார்க்கிறார்கள். போவதற்கு முன் 14416-க்கு அழைத்துப் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல எண், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் அண்ணனின் நோயை அண்ணனிடம் கேட்டுவிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். முகூர்த்தத்துக்காக நோயாளியின் மாத்திரையை நிறுத்திவைக்கும் வீடுகள் உண்டு, "தூங்கி வழிகிறான், நாலு பேர் பார்ப்பார்கள்" என்று. அதைச் செய்யவே கூடாது. மாத்திரை நின்று, இரண்டு இரவு தூக்கமும் கெட்டால் நோய் திரும்பலாம். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே போய், கூடுதலாக 15 நாள் மாத்திரை எழுதி வாங்கி வையுங்கள். மண்டபத்தில் அவர் படுக்க ஒரு அறையையும் ஒதுக்குங்கள்.