வலிப்பு மருந்தும் ஈறு வீக்கமும்

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. வலிப்புக்காக இரண்டு ஆண்டுகளாக ஃபெனிட்டாய்ன் மாத்திரை சாப்பிடுகிறான். சில மாதங்களாக ஈறு தடித்து, முன்பற்கள் பாதி மறையும் அளவுக்கு இறங்கிவிட்டது. பிரஷ் பட்டாலே இரத்தம் வருவதால் விரலால் மட்டும் தேய்த்துவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். பல் மருத்துவரிடம் அழைத்துப் போனால் அங்கேயே வலிப்பு வந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அம்மா. வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால், வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடக்கூடும். ஈறு தடிப்பதற்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். மருந்து புழக்கத்துக்கு வந்த 1930-களின் இறுதியிலேயே இது கவனிக்கப்பட்டது. இதைச் சாப்பிடுபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு வளர்கிறது. ஆனால் மருந்து மட்டுமே காரணமன்று. பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படிகிற வெளிர்நிற அழுக்கு அங்கேயே தங்கும்போதுதான் ஈறு அழற்சியடைந்து மேலும் தடிக்கிறது. தடித்த ஈறு பிரஷ் நுழைய இடம் விடாததால் அழுக்கு இன்னும் கூடுகிறது. இரத்தத்தைப் பார்த்து எந்தத் தாய்க்கும் கை பின்வாங்கத்தான் செய்யும். ஆயினும் இரத்தம் கசிகிற இடம்தான் நன்றாகத் துலக்கப்பட வேண்டிய இடம்.

இரவில் மகனின் தலையை உங்கள் மடியில் சாய்த்துக்கொண்டு, உதட்டை விரலால் தூக்கிப் பிடித்து, மிக மென்மையான சிறிய பிரஷை ஈறு விளிம்பில் சற்றுச் சாய்வாக வைத்து, அழுத்தாமல் சிறு வட்டங்களாகத் தேயுங்கள். ஃபுளூரைடு கலந்த பற்பசை பட்டாணி அளவு போதும். காலையிலும் இதுபோலவே செய்யுங்கள். இந்த வயதில் அவன் கையிலேயே பிரஷைக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. விடாமல் செய்துவந்தால் இரத்தக் கசிவு பெரும்பாலும் சில வாரங்களில் குறையத் தொடங்கும். சிரப்பாக மருந்து கொடுக்கும் தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பல சிரப்புகளில் சர்க்கரை உண்டு, பல் துலக்கிய பிறகு அதைக் கொடுத்து அப்படியே தூங்கவைத்தால் இரவெல்லாம் பல்லில் சர்க்கரை தங்கிவிடும். மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு துலக்குவதே முறை.

இவ்வளவு இறங்கிய ஈற்றைப் பல் மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். காலை நேரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, மாத்திரையை வழக்கம்போல் கொடுத்து, தூக்கம் கெடாமலும் பசியில்லாமலும் அழைத்துச் செல்லுங்கள். மருந்துச் சீட்டும், கடைசியாக வலிப்பு வந்த தேதியும் கையில் இருக்கட்டும். வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடும் குழந்தைக்கு இரத்தம் உறைவதில் சிக்கல் நேரலாம். கார்பமாசெபின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தைச் சாப்பிடும் குழந்தைக்கு எரித்ரோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தால் முதல் மருந்தின் அளவு உடலில் அளவுக்கு மீறி ஏறிவிடும். ஆகவே எந்த மருந்தையும் மறைக்காமல் சொல்வது அவசியம். பல்லைச் சுத்தம் செய்வதற்கோ மரத்துப்போகும் ஊசி போடுவதற்கோ வலிப்பு நோய் பொதுவாகத் தடையில்லை. வளர்ந்த ஈற்றை வெட்டிச் சீராக்கவும் முடியும். ஆனால் அதே மருந்து தொடர்ந்து, அழுக்கும் தங்கினால், மறுபடி வளரும். அதனால் வேறு மருந்துக்குப் படிப்படியாக மாற்ற முடியுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள். அந்த முடிவு அவருடையது.

வலிப்பு வரும்போது வாயில் கரண்டியோ துணியோ விரலோ வைக்க வேண்டாம்; பல் உடைவதும் மூச்சு அடைப்பதும் அதனால்தான். ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். விழுந்த வேகத்தில் புதிதாக முளைத்த நிரந்தர முன்பல் கழன்று வந்துவிட்டால், வேர்ப் பக்கத்தைத் தொடாமல் எடுத்து, பாலில் போட்டு, அரைமணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோனால் அதை மீண்டும் பொருத்த நல்ல வாய்ப்புண்டு. பால் பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்துவதில்லை.