எதில் கட்டலாம் வெப்சைட்? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வாடிக்கையாளர் சொல்லும் அளவுக்கு மரச்சாமான்கள் செய்து கொடுக்கிறேன். இதுவரை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும்தான் ஆர்டர் வருகிறது. இப்போது சொந்தமாக ஒரு வெப்சைட் வேண்டும் என்று பார்க்கிறேன். ஒருவர் வேர்ட்பிரஸ் என்கிறார், இன்னொருவர் விக்ஸ் போதும் என்கிறார், மூன்றாமவர் ஷாப்பிஃபை இல்லாவிட்டால் வியாபாரமே இல்லை என்கிறார். எது நல்லது? ஒரே வரியில் சொல்லுங்கள் சார்.

பதில்: ஒரே வரியில் சொன்னால் அந்த மூவரோடு நானும் நாலாவது ஆளாகச் சேர்ந்துவிடுவேன். அவரவருக்குக் கைவந்ததை அவரவர் சொல்கிறார்கள், அவ்வளவுதான். நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு: உங்கள் தளத்துக்கு வருகிற ஆள் கடைசியில் என்ன செய்துவிட்டுப் போக வேண்டும்? அங்கேயே பணம் கட்ட வேண்டுமா, போன் செய்ய வேண்டுமா, நேரம் பதிவு செய்ய வேண்டுமா, இல்லை பார்த்துவிட்டு உங்கள் பேரை ஞாபகம் வைத்துக்கொண்டால் போதுமா?

அளவு கொடுத்துச் செய்யும் அலமாரியை யாரும் ஒரு பட்டனைத் தட்டிப் பணம் கட்டி வாங்கிவிடுவதில்லை. எந்த மரம், எவ்வளவு உயரம், சுவரில் எங்கே பிளக் பாயின்ட் வருகிறது என்று நாலு முறை பேசித்தான் முடிவாகும். அதனால் உங்களுக்கு ஷாப்பிஃபை தேவையில்லை. அது மட்டம் என்று சொல்லவில்லை. அதை உருவாக்கியவர்கள் 2004-ல் பனிச்சறுக்குப் பலகை விற்க ஒரு இணையக் கடை போட்டார்கள், அப்போது கிடைத்த மென்பொருள்கள் எதுவும் பிடிக்காமல் தாங்களே ஒன்று எழுதினார்கள், 2006-ல் அதையே ஷாப்பிஃபை என்று மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஆக, அது பிறவியிலேயே கடை. சரக்கு இருப்பு, வரி, டெலிவரி, தள்ளுபடி கூப்பன் என்று ரெடிமேட் பொருளை வரிசையாக விற்கிறவருக்கு அது கொடுக்கும் நிம்மதி பெரிது. மாதச் சந்தா உண்டு. போதாததற்கு, அதன் சொந்தக் கட்டண வசதியை விட்டு வேறு பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை) வைத்தால் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சின்ன சதவீதம் தனியாகப் போகும். உங்கள் தொழிலுக்கு அந்த வசதிகளில் முக்கால்வாசி சும்மா கிடக்கும்.

மிச்சம் இருப்பது ஒரு பக்கம் விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் மாதிரி எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்ளும் சேவைகள், மறுபக்கம் நாமே நிறுவிப் பராமரிக்க வேண்டிய வேர்ட்பிரஸ். இங்கே ஒரே ஒரு விஷயத்தை யோசியுங்கள். இன்று ஒரு டைனிங் டேபிள் வேலை முடிந்தது, பாலிஷ் காய்ந்தது, போட்டோ எடுத்தாயிற்று. அதைத் தளத்தில் ஏற்றப் போவது யார்? நீங்களேதான், அதுவும் போனிலிருந்தே என்றால் முதல் வகை. கூட ஒருவர் இருக்கிறார், அவருக்கு இதெல்லாம் பழக்கம், மாதத்துக்கு ஒருமுறையாவது உள்ளே போய் அப்டேட், பேக்கப் எல்லாம் பார்ப்பார் என்றால் வேர்ட்பிரஸ். "ஆரம்பத்தில் பார்ப்பார்" என்பது கணக்கில் சேராது. கவனிப்பார் இல்லாத வேர்ட்பிரஸ் தளம், பழைய பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை மென்பொருள்) ஓட்டை வழியாக யாரோ உள்ளே புகுந்து சூதாட்ட விளம்பரம் ஒட்டிவிட்டுப் போகிற வரைக்கும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

அடுத்தது யாரும் சொல்லித்தராத சோதனை. இலவச டிரையல் எடுத்தவுடன் எல்லோரும் அழகான டெம்ப்ளேட்டைத் தேடிப் போகிறார்கள். நீங்கள் நேராக செட்டிங்ஸுக்குப் போய், நாளைக்கு இங்கிருந்து கிளம்பினால் என்னென்ன எடுத்துக்கொண்டு போகலாம் என்று பாருங்கள். வேர்ட்பிரஸ்ஸில் எல்லாமே வரும்: கோப்புகள், டேட்டாபேஸ், படங்கள். அப்படியே வேறு ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் சர்வர் இடம்) கொண்டுபோய் நிறுத்தலாம். ஷாப்பிஃபையில் பொருள்களும் வாடிக்கையாளர் பட்டியலும் சிஎஸ்வி கோப்பாக (எக்செல்லில் திறக்கும் எளிய பட்டியல்) வரும், தோற்றம் வேறு எங்கும் ஓடாது. ஸ்குவேர்ஸ்பேஸ் சில வகைப் பக்கங்களை வேர்ட்பிரஸ் படிக்கிற மாதிரி கோப்பாகத் தரும், எல்லாவற்றையும் அல்ல. விக்ஸில் கட்டிய தளத்தை வேறு சர்வருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பட்டியல்களை இறக்கிக்கொள்ளலாம், பக்கங்களை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான். இது தெரிந்தும் அங்கே போகலாம், தப்பில்லை. தெரியாமல் போய், பத்துப் பக்கம் நூறு பக்கமாக வளர்ந்த பிறகு கண்டுபிடிப்பதுதான் வயிற்றெரிச்சல்.

உங்கள் தேவைக்கு என் ஓட்டு விக்ஸ் அல்லது ஸ்குவேர்ஸ்பேஸ். ஐந்தாறு பக்கம் போதும், அதைத் திரும்பக் கட்டுவது ஒரு வார இறுதி வேலை, அதனால் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும் ஆபத்து சின்னது. மர வகைகளைப் பற்றியும் பராமரிப்பைப் பற்றியும் தொடர்ந்து கட்டுரை எழுதி, கூகுள் வழியாக ஆட்களை வரவழைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே வேர்ட்பிரஸ்.

எதில் கட்டினாலும் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் தனிப் பக்கம் வைத்து, அதில் அளவு, மரம், செய்து முடிக்க ஆகும் நாள் மூன்றையும் எழுத்தில் போடுங்கள், படத்துக்குள் எழுதி ஒட்டாதீர்கள். கீழே வாட்ஸ்அப் பட்டன். அந்த லிங்க்கிலேயே "மூன்று கதவு தேக்கு அலமாரி பற்றிக் கேட்க வேண்டும்" என்று முன்கூட்டியே வாசகம் நிரப்பி வைக்கலாம். தட்டினவர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று செய்தி வந்தவுடனே தெரிந்துவிடும். விளம்பரத்துக்குச் செலவழிக்கும் முன் இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: வேர்ட்பிரஸ் இலவசம் என்று படித்தேன். ஆனால் உள்ளே போனால் பிளான் வாங்கு, பிளான் வாங்கு என்கிறது. எது உண்மை?

பதில்: இரண்டும் உண்மை. ஒரே பெயரில் இரண்டு இருக்கின்றன. 2003-ல் வந்த வேர்ட்பிரஸ் என்பது மென்பொருள். அதை வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் முகவரியில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், மாற்றலாம், காசு கிடையாது. வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் 2005 முதல் நடத்தும் சேவை. சர்வரை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், சந்தா வாங்குவார்கள். நீங்கள் நுழைந்தது இரண்டாவது கதவில்.

மென்பொருள் இலவசம் என்பதால் தளமும் இலவசம் ஆகிவிடாது. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), ஹோஸ்டிங் இரண்டுக்கும் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். நல்ல ஃபார்ம் பிளகின், பேக்கப் பிளகின் என்று ஆசைப்பட்டால் அவற்றுக்கும் வருடச் சந்தா. ஹோஸ்டிங் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை முதல் தவணைக்கு மட்டும்தான், புதுப்பிக்கும்போது என்ன விலை என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பார்த்து மூன்று வருடக் கணக்குப் போடுங்கள். பல நேரம் விக்ஸ் சந்தாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

கேள்வி: எங்கள் டியூஷன் சென்டர் தளத்தைக் கட்டிக்கொடுத்தவர் இப்போது போனை எடுப்பதில்லை. டொமைனை அவர்தான் வாங்கினார். பாஸ்வேர்ட் எதுவும் எங்களிடம் இல்லை. என்ன செய்வது?

பதில்: தளம் போனால் திரும்பக் கட்டலாம். டொமைன் போனால் அச்சடித்த விசிட்டிங் கார்டு, மின்னஞ்சல், கூகுளில் சேர்த்த பேர் எல்லாம் போச்சு. அதனால் முதலில் டொமைன். ஹூயிஸ் (டொமைன் பதிவு விவரம் காட்டும் சேவை) தேடலில் உங்கள் முகவரியைப் போட்டால் எந்த ரிஜிஸ்ட்ராரிடம் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது என்று வரும். உரிமையாளர் பெயர் பெரும்பாலும் மறைத்திருப்பார்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு ரிஜிஸ்ட்ராருக்கு எழுதுங்கள். பதிவில் இருப்பது உங்கள் சென்டரின் பெயர், லாகின் மட்டும் அவரிடம் என்றால், ஆவணங்களைக் காட்டிக் கணக்கை மீட்க வழி உண்டு. பதிவே அவர் பெயரில் என்றால் ரிஜிஸ்ட்ரார் கண்ணில் அவர்தான் உரிமையாளர். அப்போது கோபத்தை ஒதுக்கிவிட்டு, பொதுவான ஒருவரை வைத்துப் பேசி, டிரான்ஸ்ஃபர் கோடை (டொமைனை வேறு இடத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடு) வாங்கப் பாருங்கள். பணம் கொடுத்த ரசீதும், பேசிக்கொண்ட மெயில்களும் பத்திரமாக இருக்கட்டும்.

கைக்கு வந்தவுடன் வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்ற நினைத்தால் ஒன்று கவனியுங்கள்: டாட் காம் போன்றவற்றில் உரிமையாளர் பெயரை மாற்றினால், வேறு ரிஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக முடியாதபடி 60 நாள் பூட்டு விழக்கூடும். அதுவரை பழைய இடத்திலேயே இருக்கட்டும், ஆனால் லாகின் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

இன்னும் தளம் கட்டாதவர்களுக்கு: டொமைனை நீங்களே, உங்கள் கார்டில், உங்கள் பெயரில், தளம் கட்டும் நிறுவனத்திடம் அல்லாமல் தனியாக ஒரு ரிஜிஸ்ட்ராரிடம் வாங்குங்கள். முதல் வருடம் டொமைன் இலவசம் என்று சந்தாவோடு சேர்த்துத் தருவார்கள். அந்தச் சின்னச் செலவை மிச்சம் பிடிப்பது யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பதுதான்.

கேள்வி: எந்தப் பிளாட்ஃபார்மில் கட்டினால் கூகுளில் முதலில் வரும்?

பதில்: எதில் கட்டினாலும் வராது, எதில் கட்டினாலும் வரலாம். கூகுள் பார்ப்பது கடைசியில் வந்து சேரும் பக்கத்தைத்தான். விக்ஸ் கூகுளுக்கு ஆகாது என்ற பேச்சு, அது ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த காலத்து மிச்சம். 2012-லேயே அவர்கள் பிரவுசரிலேயே நேராக ஓடும் எச்டிஎம்எல்5-க்கு மாறிவிட்டார்கள், ஃபிளாஷே 2020 கடைசியோடு போய்ச் சேர்ந்தது, பேச்சு மட்டும் இன்னும் போகவில்லை.

வேகத்துக்கு கூகுள் சொல்லும் அளவு இருக்கிறது: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லி விநாடிக்குள் அசைய வேண்டும். தரவரிசைக்கு கூகுள் எடுத்துக்கொள்வது உங்கள் தளத்தின் மொபைல் வடிவத்தை, நீங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்து ரசிப்பதை அல்ல. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். நான் பார்க்கும் மெதுவான தளங்களில் பெரும்பாலும் குற்றவாளி பிளாட்ஃபார்ம் அல்ல, கேமராவிலிருந்து அப்படியே ஏற்றிய போட்டோதான். ஐந்து எம்பி படத்தைச் சுருக்கி 200 கேபிக்குக் கொண்டுவந்தால் போனில் பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அப்புறம் முகப்பில் ஓடும் அந்த ஸ்லைடர். அதை எடுத்துவிடுங்கள், மூன்றாவது படம் வரும்வரை காத்திருந்து பார்க்கும் பொறுமை உங்களைத் தவிர யாருக்கும் இல்லை.

கேள்வி: தமிழில் எழுதும் பக்கங்களின் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக ஒரு முழம் நீளத்துக்கு வருகிறது. வைரஸ் என்று நினைத்து யாரும் தொடுவதில்லை!

பதில்: வைரஸ் இல்லை. முகவரியில் தமிழ் வந்தால் யூனிகோடின் (கணினியின் எழுத்துக் குறியீட்டு முறை) ஒவ்வொரு குறியும் ஒன்பது எழுத்தாக விரியும். "மரம்" என்ற சொல்லில் ம, ர, ம, புள்ளி என்று நாலு குறி, ஆக 36 எழுத்து. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்து தானாக முகவரி செய்யும், 200 எழுத்தோடு வெட்டியும் விடும். அதாவது 22 குறிக்கு மேல் தமிழ் நிற்காது. நீளத் தலைப்பு பாதியில் அறுந்து நிற்பது அதனால்தான். வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் இரண்டு மூன்று சொல் ஆங்கில எழுத்தில் நீங்களே அடித்துவிடுங்கள், தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். பழைய பக்கங்களின் முகவரியை இதற்காக மாற்ற வேண்டாம்.

கேள்வி: கூகுளே இலவசமாக வெப்சைட் தருமே, அதை வைத்துக்கொள்ளலாமே?

பதில்: பிசினஸ் புரொஃபைலோடு சேர்த்துத் தந்துகொண்டிருந்த அந்தத் தளங்களை 2024 மார்ச்சில் கூகுள் மூடிவிட்டது. புரொஃபைல் இருக்கிறது, அதை அவசியம் வைத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தில் தெரிவதே அதனால்தான். கூகுள் சைட்ஸ் என்று வேறு ஒன்று இலவசமாக இருக்கிறது. நாலு பக்கத் தகவலுக்குச் சரி, கடை போட முடியாது.

கேள்வி: விக்ஸிலிருந்து வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறுகிறோம். கூகுளில் இருக்கும் இடம் போய்விடுமா?

பதில்: அவசரப்பட்டால் போகும். கிளம்பும் முன் பழைய முகவரிகள் அத்தனையையும் ஒரு ஷீட்டில் எடுங்கள், கூகுளின் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் பட்டியல் கிடைக்கும். பக்கத்தில் புது முகவரி. ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பும் ஏற்பாடு) போடுங்கள், முழுவதையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் சோம்பேறித்தனம் வேண்டாம். விக்ஸ் பிளாக் பக்கங்களின் முகவரியில் நடுவே "போஸ்ட்" என்ற சொல் வரும், புதுத் தளத்தில் அது இருக்காது, கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான். கொஞ்ச நாள் ஏற்ற இறக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

படங்களை எல்லாம் இறக்கிக்கொள்ளும் வரை பழைய சந்தாவை நிறுத்தாதீர்கள். டொமைனின் நேம் சர்வரை (டொமைன் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சர்வர்) மாற்றும் முன், மின்னஞ்சலுக்கான எம்எக்ஸ், எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைப் பழைய டிஎன்எஸ் (டொமைனின் பதிவுகள் இருக்கும் இடம்) பக்கத்திலிருந்து எழுத்துப் பிசகாமல் நகலெடுத்துப் புது இடத்தில் போட்டுவிடுங்கள். இதை மறந்தால் தளம் ஜோராக வந்துவிடும், வாடிக்கையாளர் அனுப்பும் மெயில்தான் வந்து சேராது. மாற்றிய கையோடு வெளியே வேறு ஒரு மெயில் கணக்கிலிருந்து உங்களுக்கே ஒன்று அனுப்பிப் பாருங்கள், பதிலும் போகிறதா என்று பாருங்கள்.