பூங்காவுக்கு விட்ட இடத்தில் உரக்கூடம்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கு என்று விட்ட இடம் பல வருடமாகக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அங்கே குப்பையை உரமாக்கும் கூடம் கட்ட நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். கவுன்சிலரைக் கேட்டால், "சும்மா கிடக்குற இடம்தானே சார், பொதுக் காரியம்தானே" என்கிறார். நாற்றத்தில் நாங்கள் எப்படிக் குடியிருப்பது?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், மதுரையை ஒட்டிய நகராட்சி ஒன்றிலிருந்து)

பதில்: நாற்றத்தை முன்னால் வைத்துப் பேசாதீர்கள் ஐயா, தோற்றுவிடுவீர்கள். நாற்றமே வராத முறை இது என்று பொறியாளர் ஒருவர் வந்து விளக்கிவிட்டுப் போவார். இல்லையென்றால் சத்தம் போட ஆளில்லாத தெருவாகப் பார்த்துக் கூடத்தைத் தள்ளிவிடுவார்கள். மதுரை நகரத்துக் குப்பையை எல்லாம் பல வருடமாகச் சுமப்பது அவனியாபுரம் பக்கம் வெள்ளைக்கல். அங்கே இருப்பவர்களுக்கும் மூக்கு இருக்கிறது. அந்தந்தப் பகுதிக் குப்பையை அங்கங்கேயே உரமாக்குவது என்பது நல்ல திட்டம்தான். 2025 ஜூலையில் வந்த தூய்மை நகரப் பட்டியலில், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள 40 நகரங்களில் மதுரைக்கு 40ஆவது இடம். அதைப் பார்த்து மாநகராட்சியைத் திட்டியவர்கள், தங்கள் வார்டுக்குள் உரக்கூடம் வேண்டாம் என்றும் சொன்னால் எப்படி?

உங்களுக்கு இருக்கும் பலமெல்லாம் அந்த இடத்தில்தான். இன்றைய விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது வெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். பத்திரம் நகராட்சி பேரில் இருப்பதால் இடமும் தங்களுடையது என்று மன்றத்தில் நினைத்துக்கொள்கிறார்கள். அது பூங்காவாக இருப்பதற்காக அவர்கள் கையில் கொடுத்து வைத்த இடம். மனை வாங்கியபோது நீங்கள் கொடுத்த விலையில் அதுவும் அடக்கம். பெங்களூரில் இப்படித்தான் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தூக்கிக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். வழக்குப் போட அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லி, 1991இல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். அங்கே எதிரில் நின்றது தனியார், இங்கே நிற்பது நகராட்சி என்பதால் உங்கள் பாடு கொஞ்சம் கஷ்டம்தான். ஆனாலும் பூங்கா இடத்தைப் பூங்காவாகத்தான் வைத்திருக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் பலமுறை சொல்லியிருக்கிறது.

அப்புறம் அந்த "சும்மா கிடக்குற இடம்". மதுரையைப் பாதி விழுங்கிய பேச்சு இதுதான். கண்மாயும் வருடத்தில் பாதி நாள் சும்மாதான் கிடக்கும். மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் விளையாடுவார்கள். அரசாங்கக் கட்டடத்துக்கு இடம் தேடுகிறவருக்கு அது வெறும் பொட்டலாகத் தெரியும், யாருக்கும் பணம் கொடுத்துக் கையகப்படுத்த வேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறக்கப்பட்டது உலகனேரி கண்மாய் இருந்த இடத்தில். அங்கே உட்கார்ந்துதான் கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்லி உத்தரவு போடுகிறார்கள். (இதற்காக எனக்கு நோட்டீஸ் வராது என்று நம்புகிறேன்.) அந்த நீதிமன்றம் வேண்டும் என்று தென் மாவட்டமே பல வருடம் போராடியது, அதைவிடப் பெரிய பொதுக் காரியம் ஏது? ஆனால் தண்ணீருக்குப் பொதுக் காரியம் தெரியாது. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் சில மணி நேரத்தில் கிட்டத்தட்ட 10 செ.மீ. மழை கொட்டியது. வடக்குப் பக்கக் கண்மாய்கள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் செல்லூர் கண்மாய்க்கு வந்து, பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். போக வழியில்லாமல் செல்லூர் வீடுகளுக்குள் புகுந்தது. பிறகுதான் புதிதாகச் சிமென்ட் கால்வாய் கட்ட ஏறக்குறைய 12 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள்.

சரி, உங்களையும் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருடமும் கருவேலத்தை வெட்டு, வேலி போடு, பூங்கா கட்டு என்று உங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரு மனுவாவது எழுதிக் கொடுத்ததா? 2022 நவம்பர் 1 முதல் கிராம சபை மாதிரி நகரங்களிலும் பகுதி சபை நடக்கிறது. அதற்கு எத்தனை பேர் போனீர்கள்? மன்றக் கூட்டத்தில் தீர்மானத்தை வாசிக்கக்கூட நேரமில்லாமல் "ஆல் பாஸ்" என்று மேசையைத் தட்டுகிறார்கள் என்றால், வெளியே அதைக் கேட்க ஆளில்லை என்ற தைரியம்தான்.

இனிமேலாவது சார்பதிவாளர் அலுவலகத்தில் தானப் பத்திரத்தின் நகலை வாங்குங்கள். அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தையும் தீர்மானத்தின் முழு வாசகத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மூன்றையும் இணைத்து ஆணையருக்கு ஆட்சேபணை கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். கோர்ட்டுக்குப் போவதெல்லாம் அதற்குப் பிறகு. அதே மனுவில் உரக்கூடத்துக்கு வேறு இடம் ஒன்றையும் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள். பக்கத்து வார்டில் தேட வேண்டாம். உங்கள் வார்டிலேயே தேடுங்கள்.