ஒலிக்கோப்பும் நிரலும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பைத்தானின் ஒலி ஆய்வு லைப்ரரியான லிப்ரோசாவில் திறந்த பாட்டின் மாதிரி வீதம் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்தது என்ற எண்) 22,050 என்று வருகிறது. கோப்பு பழுதா?

பழுதில்லை. எதைத் திறந்தாலும் அந்த வீதத்துக்கு மாற்றி, இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கித் தருவது லிப்ரோசாவின் இயல்பு. மூலத்தில் உள்ளபடியே வேண்டுமென்றால், திறக்கும்போது மாதிரி வீதத்தைக் குறிக்கும் எஸ்ஆர் (sr) மதிப்பை None என்றும், மோனோவை (mono) False என்றும் கொடுங்கள்.

கேள்வி: 320 கேபிபிஎஸ் (விநாடிக்கு 320 கிலோபிட்) எம்பி3 பாட்டைப் பைடப் என்னும் பைத்தான் லைப்ரரியில் திறந்து, முதல் 10 விநாடிகளை நீக்கிச் சேமித்தேன். கோப்பின் அளவு பாதிக்கும் கீழே போய்விட்டது. சுருக்காத வடிவமான வேவ் ஆக மாற்றினால் பழைய தரம் திரும்புமா?

திரும்பாது. இதையே பலரும் ஓயாமல் கேட்பதால் விரித்துச் சொல்கிறேன். காதுக்கு எட்டாது என்று கணித்த நுணுக்கங்களைக் களைந்து சுருக்கிய வடிவம்தான் எம்பி3. பைடப் அதை முழுதாக விரித்துத் திறக்கிறது, சேமிக்கும்போது மறுபடி சுருக்குகிறது. பிட்ரேட்டை, அதாவது அந்த கேபிபிஎஸ் எண்ணை, நீங்கள் சொல்லாவிட்டால், பின்னணியில் இயங்கும் எஃப்எஃப்எம்பெக் என்னும் ஒலிமாற்று நிரல் 128-ஐத் தானாக எடுத்துக்கொள்கிறது. டேகுகளை (கோப்புக்குள் பதியும் பாட்டு விவரங்களை) நீங்களாகக் கொடுக்காவிட்டால் பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும்கூட உதிர்ந்துவிடும். 320 என்று குறிப்பிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒலி தேயவே செய்யும்: பலமுறை சேமித்த கோப்பை ஹெட்ஃபோனில் கேட்டால், சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) அடித்தபின் நீளும் ஒலி தண்ணீருக்குள் சலசலப்பதுபோல் இருக்கும். வேவ் ஆக்கினால் கோப்பு நிமிடத்துக்கு 10 எம்பி வரை பெருக்குமே தவிர, களைந்தது திரும்பாது. வெட்டுவது மட்டுமே வேலை என்றால் எஃப்எஃப்எம்பெக்கின் காப்பி முறையில் (-c copy) வெட்டுங்கள். வெட்டு, சுமார் 26 மில்லிவிநாடி நீளமுள்ள ஃபிரேம் என்னும் எம்பி3 துண்டின் எல்லையில் விழும், ஆனால் மறுசுருக்கம் நிகழாது. மூலக் கோப்பின் மேலேயே எழுதாதீர்கள்.

கேள்வி: என் நிரல் பாட்டைத் திறக்க மறுக்கிறது. என்ன செய்ய?

எந்த லைப்ரரி, எந்த வடிவக் கோப்பு, என்ன பிழைச்செய்தி என்று எதையும் எழுதாதவருக்கு என்னால் பதில் சொல்ல இயலாது. பிழைச்செய்தியின் கடைசி வரியையாவது முழுதாக அனுப்புங்கள்.

கேள்வி: பைத்தானின் எண்கணித லைப்ரரியான நம்பையில் (NumPy) இரண்டு ஒலிப்பதிவுகளைக் கூட்டினால் கரகரவென்று ஒலிக்கிறதே?

16 பிட் எண் 32,767-ஐத் தாண்டியதும் எதிர்மறைக்குத் தாவிவிடுகிறது. ஃப்ளோட்டுக்கு (தசம எண்ணுக்கு) மாற்றிக் கூட்டி, உச்சத்தைக் குறைத்தபின் திரும்ப மாற்றுங்கள்.

கேள்வி: டேகுகளை எழுதும் பைத்தான் லைப்ரரியான மியூட்டஜென் கொண்டு தமிழில் எழுதிய பாட்டுப் பெயர், பழைய பிளேயரில் தெரியவில்லை.

மியூட்டஜென் தானாக எழுதுவது, எம்பி3 டேகுகளின் வடிவமான ஐடி3-இன் 2.4 பதிப்பு. பழைய கருவிகள் பல 2.3-ஐ மட்டுமே அறியும். ஆகவே சேமிக்கும்போது பதிப்பு 3 (v2_version=3, அதாவது 2.3) என்று குறிப்பிடுங்கள். அதற்கும் பழைய முதல் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்டுகள்தான் இடம் உண்டு. அதில் தமிழை எதிர்பார்க்க வேண்டாம். இதையும் நகலில் செய்து பாருங்கள், மூலத்தில் அல்ல.