ஆமா என்றால் பாட்டி

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கேலி இல்லை. ஏழெட்டு வருடம் முன்னால் நான் அம்மாவிடம் போனில் புலம்பியதையே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். "தைவானுக்கு, இந்த ஷிஞ்சு ஊருக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நிலாப் பண்டிகை லீவுக்கு லேப் ஆட்கள் தெற்கே ஒருவர் வீட்டுக்குப் போகிறார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். சீன மொழி தெரியாது, சைவம் வேறு. மரியாதைக்குக் கூப்பிட்டிருப்பார்களோ? மூன்று நாளும் அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ அக்கா?"

போய்விட்டு வாருங்கள். ஆனால் விருந்தாளி மாதிரிப் போய் உட்காராதீர்கள். போனதும் ஏதாவது ஒரு வேலையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் அதைத் தெரிந்துகொள்ள ஒரு முழு நாள் ஆனது.

முதலில் அந்த மரியாதை விஷயம். தைவானில் மரியாதைக்குக் கூப்பிடுவதும் உண்டு, "இன்னொரு நாள் சேர்ந்து சாப்பிடலாம்" என்பார்கள். அந்த இன்னொரு நாளுக்குத் தேதி இருக்காது. நிஜமாகக் கூப்பிட்டால் தேதி, ரயில் நேரம், உங்களுக்கும் டிக்கெட் எடுக்கட்டுமா என்ற கேள்வி எல்லாம் கூடவே வரும். லைன் என்ற சாட் ஆப்பில் ஒரு குரூப் தொடங்கி உங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்றால் சந்தேகமே வேண்டாம். உங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் என்ன?

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் வந்தது 2018 செப்டம்பர் முதல் வாரம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து நேரே ஷிஞ்சு. காற்று ஊர் என்று இதற்குப் பட்டப்பெயர். வந்த மாதமே குடை இரண்டு போயிற்று. 13-ம் தேதி விநாயகர் சதுர்த்தி. ஹாஸ்டல் அறையில் கொழுக்கட்டை இல்லை, சாமி படம்கூட இல்லை. செவன் லெவனில் வாங்கிய சைவ நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டு அழுதேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை. அந்த வருடம் நிலாப் பண்டிகை 24-ம் தேதி, திங்கள்கிழமை. சனி, ஞாயிறு சேர்ந்து மூன்று நாள். எங்கள் லேப் ஷுவேஜியே ஒருத்திக்கு ஊர் தைனானில் மாடோ. ஷுவேஜியே என்றால் சீனியர் அக்கா. நம் காலேஜில் சீனியரை அண்ணா, அக்கா என்போமே, அதே பழக்கம்தான். ஐந்து பேர் போகிறோம், நீயும் வா என்றாள்.

பண்டிகை லீவில் ஊர் முழுக்கத் தெற்கே போகும். முன்பெல்லாம் தீபாவளிக்குக் கோயம்பேடு பஸ் ஸ்டாண்ட் எப்படி இருக்குமோ அதைக் கொஞ்சம் சத்தம் குறைத்து நினைத்துக்கொள்ளுங்கள். அதிவேக ரயிலில் இடம் இல்லை. சாதாரண எக்ஸ்பிரஸில் நிற்கிற டிக்கெட்தான் கிடைத்தது. நிற்கிற டிக்கெட்காரர் காலி சீட்டில் உட்காரலாம், சீட்டுக்கு உரியவர் வந்ததும் எழுந்துவிட வேண்டும். அவர் வந்து டிக்கெட்டைக் காட்டி, ஏதோ தன் தப்பு மாதிரி "புஹாவ்யீஸ", அதாவது மன்னிக்கணும், என்பார். நாமும் "புஹாவ்யீஸ" என்று எழுவோம். மூன்று மணி நேரத்துக்கு மேல் இப்படியே போய் லோங்தியான் என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். மாடோவுக்குள் ரயில் கிடையாது. வழியெல்லாம் எருமைத்தலை மாதிரி இரண்டு கொம்புள்ள கறுப்புக் காய்களை வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். குளத்தில் விளைகிற காய். உடைத்தால் உள்ளே வெள்ளையாக, பனங்கிழங்குக்கும் அவித்த கடலைக்கும் நடுவில் ஒரு ருசி. அந்தப் பக்கம் போனால் விட்டுவிடாதீர்கள்.

முதல் நாள் சொதப்பல்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன், அது நம் வீடு மாதிரியே இருந்தது. கொண்டுபோன கோவில்பட்டிக் கடலைமிட்டாயை இரண்டு கையாலும் கொடுத்தேன். ஷுவேஜியேயின் பாட்டி அதை வாங்கிச் சாமி மேஜையில் வைத்தார். பிறகு அலமாரியைத் திறந்து அவர்கள் ஊர்க் கடலைமிட்டாயை எடுத்து என் கையில் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அதோடு என் பங்கு முடிந்தது. அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள், நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் ஒதுக்கவில்லை. அவ்வப்போது ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்வார்கள், நான் தலையாட்டுவேன், மறுபடி பேச்சு தைவானிய மொழிக்குப் போய்விடும். பாத்திரம் எடுக்கப் போனால், "நீ உட்காரு, உட்காரு" என்றார்கள். நானும் உட்கார்ந்துவிட்டேன். தப்பு அங்கேதான்.

ராத்திரி எட்டு மணிக்கு முற்றத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா கேட்கிறாள்: சாப்பிட்டியா? ஆமா. சைவம்தானா? ஆமா. எல்லாரும் நல்லாப் பேசறாங்களா? ஆமா ஆமா. திரும்பிப் பார்த்தால் பாட்டி பின்னால் நிற்கிறார், என்ன வேண்டும் என்பதுபோல. ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினேன், உள்ளே போனார். அம்மா அடுத்த கேள்வி கேட்டாள், நான் ஆமா என்றேன், பாட்டி மறுபடி வந்துவிட்டார். மூன்றாவது தடவை ஷுவேஜியே ஓடிவந்து, "எதற்கு எங்கள் பாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய்?" என்றாள். தைவானிய மொழியில் பாட்டிக்குப் பெயர் ஆமா. நம் மொழியில் அதற்கு என்ன அர்த்தம் என்று சொன்னதும் வீடே சிரித்தது. பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. தீர்ப்புச் சொல்கிற மாதிரி ஏதோ சொன்னார். "இவர்கள் ஊரில் பாட்டி என்றாலே சரி என்று அர்த்தமாம், நல்ல ஊர்." அப்படித்தான் எனக்குச் சொன்னார்கள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

பின்கட்டில் தரையெல்லாம் பம்பளிமாஸ். மாடோவுக்குப் புகழே அந்தப் பழத்தால்தான். வெண்டான் என்ற வகை, மேலே கூம்பிப் பேரிக்காய் மாதிரி இருக்கும். செப்டம்பர் முதல் வாரத்தில் பறித்து, தோலில் நீர் வற்றும்வரை சும்மா போட்டு வைப்பார்கள், அப்போதுதான் இனிப்பு ஏறும். வயதான மரத்துப் பழம் சின்னதாக இருக்கும், ஆனால் அதற்குத்தான் விலை. பண்டிகைக்கு முந்தைய கடைசிப் பெட்டிகள் அன்றைக்குக் கட்ட வேண்டியிருந்தது. பாட்டி ஒரு துணியைக் கையில் கொடுத்தார். துடை, எடை பார், வை. இதற்கு என்ன மொழி வேண்டும்? பத்து நிமிஷத்தில் மற்ற ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம் துடைத்தோம். பேச்சு அதுவாக வந்தது, ஏனென்றால் கை வேலையில் இருந்தது, முகத்தைப் பார்த்துச் சிரித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

தமிழில் இதற்குப் பெயர் என்ன என்று கேட்டார்கள். பம்பளிமாஸ் என்றேன், டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்றேன். ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 1624 முதல் 1662 வரை தைனானில் இருந்ததும் டச்சுக்காரர்கள்தான், இந்த மாடோவை அவர்கள் மட்டாவ் என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்றான். எங்கள் தூத்துக்குடியை அவர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தது 1658-ல், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம் என்றேன். ஆக நாலு வருடம் உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் ஒரே முதலாளி என்றான். சரித்திரத்தில் இதற்கு மார்க் கிடைக்குமோ கிடைக்காதோ, அன்றைய ராத்திரிக்கு நன்றாக ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை என்னை நரகத்துக்குக் கூட்டிப்போனார்கள். விளையாட்டில்லை. மாடோவில் தைத்தியான்ஃபூ என்று ஒரு பெரிய கோயில். பின்பக்கம் ராட்சத டிராகன் ஒன்று, அதன் உடம்புக்குள் ஆள் நடந்து போகலாம். பக்கத்திலேயே பதினெட்டு நரகங்கள், டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். பொம்மைகள் மின்சாரத்தில் ஆடிக்கொண்டே பாவிகளை அறுக்கின்றன, எண்ணெய்க் கொப்பரையில் போடுகின்றன. நான் ஒவ்வொரு தண்டனையாகப் பார்த்து, இது எங்கள் கருட புராணத்திலும் உண்டு, இதுவும் உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவர்களுக்கு என்மேல் புது மரியாதை வந்துவிட்டது. முன்கோயிலில் பிறைவடிவ மரத்துண்டு இரண்டைப் போட்டுச் சாமியிடம் கேள்வி கேட்டார்கள். ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் சரி, இரண்டும் கவிழ்ந்தால் இல்லை, இரண்டும் நிமிர்ந்தால் சாமி சிரிக்கிறாராம். நம் ஊரில் பூப்போட்டுக் கேட்பது எனக்குப் பழக்கம் என்பதால் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் ஆய்வு முடியுமா என்று கேட்டேன். சாமி சிரித்தார்.

அன்று சாயங்காலம் கரியடுப்பு. நிலாப் பண்டிகைக்குக் கறி சுடுவது பழைய சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள். 1980-களில் சாஸ் விளம்பரங்கள் கிளப்பிவிட்ட பழக்கம் என்று அவர்களே சொல்வார்கள். இங்கேதான் உங்களுடைய சைவக் கவலை. "வோ ச்சி ஸு" என்று சொன்னால் போதும், எல்லாருக்கும் புரியும். ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். இங்கே பாக்கெட்டில் அச்சடிக்கிற சைவமே ஐந்து வகை: முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, எதுவும் சேராதது, வெங்காயம் பூண்டு உள்ளது. நான் விவரம் சொல்லாமல் விட்டதால் இவள் புத்த பிட்சுணி அளவுக்கு ஆசாரம் போலிருக்கிறது என்று நினைத்து ஒன்றரை நாள் எனக்குப் பூண்டே இல்லாமல் சமைத்தார்கள். அப்புறம் சாச்சா என்றொரு சாஸ், பார்த்தால் தெரியாது, உள்ளே காய்ந்த மீனும் இறாலும் இருக்கும். கரியடுப்பில் சாஸ் தடவுகிற பிரஷ் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். உங்களுக்கென்று ஒரு பிரஷ், ஒரு மூலை, கொஞ்சம் அலுமினியத்தாள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தடித்த காளான், மக்காச்சோளம், குடைமிளகாய், டோஃபு என்று வயிறு நிறையும். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கரி பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும், விசிறுகிற வேலைக்கு முன்னால் நில்லுங்கள்.

திங்கட்கிழமை காலையில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது. மேஜையில் எல்லாரும் ஒருபக்கம், பாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர் சைவமாம், வருடக்கணக்காக. அதாவது அமாவாசையும் பௌர்ணமியும். நிலாப் பண்டிகை வருவதே எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள். என் ஆச்சிக்கும் அமாவாசை என்றால் விரதம் என்றேன். பாட்டி தலையாட்டினார், இதில் என்ன அதிசயம் என்பதுபோல. மாடோவில் வாகுவே என்று ஒரு பலகாரம் பிரபலம். அரிசி மாவை வெந்நீரில் கிண்டிக் கிண்ணத்தில் ஊற்றி அவிப்பார்கள், மேலே பன்றிக்கறியும் இறாலும் வைப்பது வழக்கம். அன்றைக்குப் பாட்டி எங்கள் இரண்டு பேருக்கும் எதுவும் வைக்காமல் வெறுமனே அவித்திருந்தார். ஒரு வாய் எடுத்தேன். கொழுக்கட்டையின் மேல்மாவு. பதினோரு நாள் தாமதமாக, பிள்ளையார் இல்லாமல், சோயா சாஸோடு.

அந்த ஐந்து பேரில் இப்போதும் நெருக்கம் என்றால் இரண்டு பேர்தான். ஒருவன் அமெரிக்கா போய்விட்டான், மற்றவர்கள் வேலை, கல்யாணம் என்று விலகிப்போனார்கள். அது எங்கே இருந்தாலும் நடப்பதுதான். நம் ஆட்களோடு பொங்கல் கொண்டாடுவது வேறு சுகம், அதையும் விடாதீர்கள். ஆனால் அதோடு நின்றுவிட்டவர்கள் பத்து வருடம் கழித்தும் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

சில்லறை விஷயங்கள். கையில் ஏதாவது தின்பண்டம் கொண்டுபோங்கள். கடிகாரமும் குடையும் பரிசாகக் கொடுக்கக் கூடாது, உச்சரிப்பில் சாவையும் பிரிவையும் நினைவுபடுத்தும். ரயில், சாப்பாட்டுச் செலவைத் திரும்பி வந்ததும் கடைசி டாலர் வரை பங்கு போட்டு லைனில் அனுப்புவார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள், அன்றைக்கே கட்டிவிடுங்கள். வயதானவர்கள் "ஜியாபா புவே" என்பார்கள், சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். பதில் நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் "ஆமா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், பையைப் பாதி காலியாகக் கொண்டுபோங்கள். நான் நிறைத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது பாட்டி கட்டிக் கொடுத்த ஒரு பெட்டி பம்பளிமாஸைப் பையில் வைக்க இடமில்லாமல், ஷிஞ்சு வரை நின்றுகொண்டே காலால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தேன்.