வாசகர் கேள்வி-பதில்: வியட்நாமில் அமெரிக்காவுக்கு என்ன வேலை?

கேள்வி: வியட்நாம் அமெரிக்காவைத் தாக்கவில்லை. அமெரிக்காவுக்கு அங்கே சொல்லிக்கொள்ளும்படியான வணிகமும் இருந்ததில்லை. பசிபிக் பெருங்கடலைத் தாண்டி ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை அனுப்பும் அளவுக்கு அந்தச் சிறிய நாட்டில் அப்படி என்னதான் இருந்தது? ‘கம்யூனிசத்தைத் தடுக்கப் போனார்கள்’ என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது.
– கல்லூரி மாணவர் ஒருவர், தேனி

பதில்: பாடநூல் சொல்வது பொய்யன்று. ஆனால் அந்த ஒற்றை வரி 1950-க்குப் பொருந்தும் அளவுக்கு 1965-க்குப் பொருந்தாது. போரின் நோக்கம் இடையில் மெல்ல மாறியது. அறிவிப்பு மட்டும் பழையபடியே இருந்தது.

கம்யூனிசம் மேலும் பரவாமல் தடுத்து நிறுத்துவது என்ற கொள்கை ஐரோப்பாவை மனத்தில் வைத்துப் பிறந்தது. 1947 மார்ச்சில் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் உதவி கேட்டு அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசிய அதிபர் ட்ரூமன் அதை வெளிப்படையாக அறிவித்தார். வியட்நாம் அப்போது வாஷிங்டனின் கணக்கிலேயே இல்லை. 1945 செப்டம்பர் 2 அன்று ஹனோய் நகரின் பா தின் சதுக்கத்தில் விடுதலையை அறிவித்த கம்யூனிஸ்ட் தலைவர் ஹோ சி மின், அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் வாசகத்தை மேற்கோள் காட்டித்தான் தம் உரையைத் தொடங்கினார் என்பது இன்றைக்குப் பலருக்கு வியப்பளிக்கலாம். அதற்குச் சில வாரங்கள் முன்புவரை, ஜப்பானியரை எதிர்த்த அவருடைய வியட் மின் இயக்கத்தினருக்கு அமெரிக்க உளவு அமைப்பினரே ஆயுதப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தனர். பின்னர் அவர் ட்ரூமனுக்கு ஆதரவு கேட்டு எழுதிய கடிதங்களுக்கோ பதிலே வரவில்லை. ஐரோப்பாவைக் காக்கப் பிரான்சின் துணை தேவைப்பட்டபோது, பிரான்சின் பழைய குடியேற்ற நாடான வியட்நாமுக்காக அதன் மனத்தை நோகடிக்க அமெரிக்கா விரும்பவில்லை.

1949-இல் சீனா மாவோவின் கைக்குப் போனதும், 1950 ஜூனில் கொரியப் போர் வெடித்ததும் நிலைமையைத் தலைகீழாக்கின. பிரான்சின் ஆட்சிக்கு எதிராக வியட் மின் நடத்திய விடுதலைப் போர், மாஸ்கோவும் பெய்ஜிங்கும் சேர்ந்து தீட்டிய திட்டத்தின் ஒரு பகுதியாக வாஷிங்டனின் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. 1954 வாக்கில், இந்தோசீனாவில் (வியட்நாம், லாவோஸ், கம்போடியா) பிரான்ஸ் நடத்திய போரின் செலவில் முக்கால் பங்குக்கும் மேல் அமெரிக்காவின் தலையில்தான் விழுந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 7 அன்று செய்தியாளர்களைச் சந்தித்த அதிபர் ஐசன்ஹோவர், வரிசையாக நிற்கும் டோமினோ கட்டைகளில் முதலாவதைத் தட்டினால் கடைசிக் கட்டையும் சாயும் என்ற புகழ்பெற்ற உவமையைச் சொன்னார். அதே சந்திப்பில் அப்பகுதியின் வெள்ளீயம், டங்ஸ்டன், ரப்பர் ஆகியவற்றைப் பற்றியும், வணிகத்துக்கு ஜப்பானுக்கு அப்பகுதி தேவைப்படுவதைப் பற்றியும் அவர் பேசியதை ஏனோ பலரும் மறந்துவிடுகிறார்கள்.

சரியாக ஒரு மாதம் கழித்து, மே 7 அன்று பிரெஞ்சுப் படையின் டியன் பியன் பூ கோட்டை வியட் மின்னிடம் வீழ்ந்தது. அந்தப் போரை நிறுத்திய ஜெனீவா உடன்பாட்டின்படி 17-ஆவது இணைகோட்டில் வடக்கு, தெற்கு என்று தற்காலிகமாகப் பிரிக்கப்பட்ட நாட்டை ஒன்றிணைக்க 1956-இல் பொதுத்தேர்தல் நடக்க வேண்டும். (இந்த உடன்பாட்டைக் கண்காணித்த பன்னாட்டு ஆணையத்துக்குத் தலைமை வகித்தது இந்தியாதான். அறிக்கை எழுதுவதற்கு மேல் அதனால் அதிகம் செய்ய இயலவில்லை.) அந்தத் தேர்தல் நடக்கவே இல்லை. தென் வியட்நாமின் தலைவர் தியெம் மறுத்தார்; அமெரிக்கா அவர் பின்னால் நின்றது. போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் தேர்தல் வைத்திருந்தால் மக்களில் 80 விழுக்காட்டினர்கூட ஹோ சி மின்னுக்கு வாக்களித்திருக்கக்கூடும் என்று ஐசன்ஹோவரே தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

இனி 1965-க்கு வருவோம். அவ்வாண்டு மார்ச் 8 அன்று சுமார் 3,500 அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் தா நாங் கடற்கரையில் இறங்கினர். இரண்டு வாரம் கழித்து, மார்ச் 24 அன்று, பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாராவின் நெருங்கிய உதவியாளரான ஜான் மெக்நாட்டன் ஒரு குறிப்பு எழுதினார். வியட்நாமில் அமெரிக்காவின் நோக்கங்களை அவர் அதில் விழுக்காட்டுக் கணக்காகவே பிரித்திருந்தார்: அவமானகரமான தோல்வியைத் தவிர்த்து, காப்பாளன் என்ற பெயரைக் காத்துக்கொள்வதற்கு 70, தென் வியட்நாமும் அதை அடுத்த பகுதிகளும் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பதற்கு 20, தென் வியட்நாம் மக்கள் மேலான, சுதந்திரமான வாழ்வு வாழ்வதற்கு 10. மேடைகளில் முழங்கப்பட்டது அந்தக் கடைசிப் பத்து. 1971-இல் அரசின் ரகசிய ஆவணங்கள் நாளிதழ்களில் வெளியானபோதுதான் இந்தக் கணக்கு பொதுமக்களுக்குத் தெரிந்தது.

இதோடு உள்நாட்டு அரசியலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ‘சீனாவைக் கோட்டை விட்டது யார்?’ என்ற கூச்சல் ட்ரூமனின் கட்சியைப் பல ஆண்டுகள் துரத்தியது. வெளியுறவுத் துறையில் சீனாவை நன்கு அறிந்திருந்த அதிகாரிகள் பலர் பதவியிழந்தனர். அதே கட்சியைச் சேர்ந்த அதிபர் ஜான்சன் அதை மறக்கவில்லை. 1964 மே 27 அன்று தம் ஆலோசகர் பண்டியுடன் தொலைபேசியில் பேசியபோது, இது சண்டையிடத் தகுந்த விஷயமாகத் தமக்குத் தோன்றவில்லை என்றும், ஆனாலும் வெளியேற வழியில்லை என்றும் அவர் புலம்பிய ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. நம்பிக்கையோடு போருக்குப் போனவரைவிட, நம்பிக்கையில்லாமல் போன இவரைத்தான் மன்னிப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

கேள்வி: டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல் தாக்கப்பட்டதால்தான் போர் மூண்டது என்கிறாரே எங்கள் ஆசிரியர்?
– அதே வாசகர்

பதில்: அது சாக்கு. 1964 ஆகஸ்ட் 2 அன்று வட வியட்நாமியப் படகுகள் ‘மேடாக்ஸ்’ கப்பலைத் தாக்கியது உண்மை. 4-ஆம் தேதி நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. இருந்தும் ஆகஸ்ட் 7 அன்று, அதிபர் விரும்பியபடி படையைப் பயன்படுத்த வழிவிட்ட தீர்மானம் கீழவையில் 416-0 என்றும், மேலவையில் 88-2 என்றும் நிறைவேறியது. அத்தகைய தீர்மானத்துக்கான வரைவு சில மாதங்களுக்கு முன்பே தயாராகிவிட்டது என்பதையும் உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு நாடு விழுந்தால் அடுத்தடுத்த நாடுகளும் விழும் என்ற கணிப்பு பலித்ததா?
– இல்லத்தரசி ஒருவர், கும்பகோணம்

பதில்: லாவோசும் கம்போடியாவும் 1975-இல் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்தன, தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் வீழவில்லை. அமெரிக்கா போரிட்டதால் கிடைத்த அவகாசத்தில்தான் அந்நாடுகள் தம்மை வலுப்படுத்திக்கொண்டன என்று சிங்கப்பூரின் லீ குவான் யூ வாதிட்டு வந்தார். முற்றாகத் தள்ளிவிட முடியாத வாதம்தான். எனினும் மலாயாவின் கம்யூனிஸ்ட் கிளர்ச்சி 1960-க்குள் ஒடுக்கப்பட்டுவிட்டது. அமெரிக்கப் படை பெருமளவில் இறங்குவதற்கு அது மிகவும் முந்தைய காலம்.

கணிப்பின் அடிப்படைப் பிழை வேறு. கம்யூனிச நாடுகள் அனைத்தும் ஒரே தலைமையின் கீழ் இயங்குகின்றன என்று அது எடுத்துக்கொண்டது. சோவியத்-சீனப் பிளவோ 1960-களின் தொடக்கத்திலேயே ஊரறிந்த செய்தி. 1972 பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங்குக்கே சென்று மாவோவுடன் கைகுலுக்கியபோது, சீனாவைத் தடுக்கப் போன அமெரிக்கப் படையினரில் பல்லாயிரம் பேர் இன்னும் வியட்நாமிலேயே இருந்தனர். 1979 பிப்ரவரியில் சீனப் படைதான் எல்லை கடந்து வியட்நாமைத் தாக்கியது. வியட்நாமுக்குத் துணையாக நின்றது சோவியத் ஒன்றியம். அமெரிக்காவோ அவ்வாண்டு ஜனவரி முதல் தேதியன்றுதான் சீனாவுடன் முழுத் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டிருந்தது.