வாசகர் கேள்வி–பதில்: வாளில்லாத சதி

கேள்வி: ஜப்பானியப் பேரரசரின் அவையில் பிரபுக்கள் ஒருவரையொருவர் கவிழ்த்த வரலாற்றைப் படித்தால், கொலையைவிட நாடுகடத்தலே அதிகம் தென்படுகிறது. நம் ஆதித்த கரிகாலனுக்கு நேர்ந்தது அங்கே நேரவில்லையா? – வாசகி, மயிலாப்பூர்

பதில்: ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களை உடையார்குடிக் கல்வெட்டு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஏறத்தாழ அதே காலத்தில், 969இல், தலைநகர் கியோதோவில் ‘இடது அமைச்சர்’ என்ற உயர்பதவியில் இருந்த மினமோதோ நோ தகாகிரா மீது சதிக் குற்றம் சுமத்தப்பட்டது. அவரை யாரும் வெட்டவில்லை, கியூஷு தீவிலுள்ள தசைஃபுவுக்கு ஒப்புக்கு ஒரு பதவி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். 810 முதல் 1156 வரை அவைப் பிரபுக்கள் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. பௌத்தத்தின் செல்வாக்கும் ஆவி பழிவாங்கும் என்ற அச்சமும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. என் கணிப்பில் மூன்றாவது காரணமே வலுவானது: மகளைப் பேரரசருக்குக் கட்டிக்கொடுத்து, பிறக்கும் பேரனை அரியணையில் ஏற்றி, பேரன் பெயரில் தாங்களே ஆள்வதுதான் அவையில் கோலோச்சிய புஜிவாரா குடும்பத்தின் வழி என்பதால், அதற்குக் குறுக்கே நிற்பவரின் இருக்கை காலியானால் போதும், அவர் உயிர் போக வேண்டியதில்லை.

சுகவாரா நோ மிச்சிசானேவின் வீழ்ச்சி இதற்கு நல்ல சான்று. அறிஞர் குடும்பத்தில் பிறந்த அவரைப் புஜிவாராக்களுக்கு எதிர் எடையாகப் பேரரசர் உதா வளர்த்துவிட, 899இல் அவர் வலது அமைச்சரானார். அதற்கு ஒருபடி மேலான இடது அமைச்சர் பதவியில் இருந்தவர் புஜிவாரா நோ தொக்கிஹிரா. 901 தொடக்கத்தில், உதா அரியணை துறந்தபின் பேரரசரான தைகோவை இறக்கிவிட்டு, தம் மருமகனான இளவரசர் தொக்கியோவை அமர்த்த மிச்சிசானே திட்டமிடுகிறார் என்ற கோள் தைகோவின் காதுக்குப் போயிற்று. விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்கவில்லை. ஆணை ஒன்றே எல்லாவற்றையும் முடித்துவிட்டது. செய்தி கேட்டு அரண்மனைக்கு விரைந்த உதாவை, அவர் தைகோவின் தந்தை என்றும் பாராமல், உள்ளே விடவில்லை. தசைஃபுவுக்குத் துரத்தப்பட்ட மிச்சிசானே 903இல் அங்கேயே இறந்தார்.

செத்தவர் சும்மா இருக்கவில்லை என்று அவை நம்பியது. 909இல் தொக்கிஹிரா இளவயதிலேயே இறந்தார்; 923இல் பட்டத்து இளவரசர் இறந்தார்; 930இல் பேரரசரின் சேய்ரியோதென் மாளிகை மீதே இடி விழுந்து பிரபுக்கள் மாண்டனர், சில மாதங்களில் தைகோவும் காலமானார். இளவரசர் இறந்த ஆண்டிலேயே மிச்சிசானேவின் பழைய பதவியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். செத்தவருக்குப் பதவி எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். அவர்களுக்கோ அது உயிர்காக்கும் காரியம்.

1156இல், அரியணைப் போட்டியில் இரு தரப்பும் போர்வீரர்களை அழைத்துக்கொண்டபோது அந்தப் பழைய வழக்கம் உடைந்தது. தோற்ற தரப்பில் நின்ற மினமோதோ நோ தமேயோஷிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதை நிறைவேற்றும் பொறுப்பு, வென்ற தரப்பில் போரிட்ட அவருடைய சொந்த மகன் யோஷிதொமோவின் தலையில் விழுந்தது.

கேள்வி: ஜப்பானில் தேர்வெழுதும் மாணவர்கள் ஓர் அமைச்சரைக் கும்பிடுவதாகக் கேள்விப்பட்டேன், உண்மையா? – வாசகர், நங்கநல்லூர்

பதில்: உண்மைதான், மேலே சொன்ன அதே மிச்சிசானேதான். கியோதோவின் கிதானோவிலும், அவர் அடக்கம் செய்யப்பட்ட தசைஃபுவிலும் தென்ஜின் என்ற தெய்வமாக அவரை வணங்குகிறார்கள். உங்கள் ஊர் ஹயக்ரீவர் சந்நிதியில் பரீட்சைக் காலத்தில் சேரும் கூட்டம் அங்கேயும் உண்டு.